வட்டியில் வெட்டுப்பட்ட வரி: கணக்குக்குத் திரும்ப வரவைக்கும் வழி

ஸ்கந்தபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் கிளிநொச்சி நகருக்கு வந்து இறங்கும் முதியவர்களில் பலருக்கு வேலை வங்கியில்தான். ஓய்வூதியம் எடுக்கவேண்டும், நகை மீட்கவேண்டும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு வந்ததா என்று பார்க்கவேண்டும். மாத வட்டி கணக்கில் விழுந்துவிட்டதா என்று வங்கிப் புத்தகத்தைப் பதியக் கொடுப்பவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். 2025 ஏப்ரலுக்குப் பிறகு இத்தகைய வரிசைகளில் ஒரே மாதிரியான பேச்சுத்தான்.

“பிள்ளை, வட்டி குறைஞ்சிருக்கு. என்ன நடந்தது?”

“அம்மா, வரி வெட்டியிருக்கு. பத்து வீதம்.”

“எனக்கென்ன வரி? நான் என்ன கொம்பனியே நடத்துறன்?”

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. நிலையான வைப்பு வட்டியை மட்டும் நம்பிச் சீவிக்கும் ஒருவர் பெரும்பாலும் வருமான வரி கட்டவேண்டியவரே அல்லர். ஆனாலும் வட்டியைக் கொடுக்கும்போதே வரியைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பும்படி சட்டம் வங்கிகளுக்குச் சொல்கிறது. அவர் வரி கட்டத் தேவையில்லாதவர் என்பதை அவர் எழுதிக் கொடுக்கும்வரை வங்கிக்குத் தெரியாது.

ஆகவே வேலை இரண்டு. இனிமேல் வெட்டாமல் நிறுத்துவது ஒன்று. ஏற்கெனவே வெட்டியதைத் தன் கணக்குக்குத் திரும்பப் பெறுவது மற்றொன்று. இந்த அத்தியாயம் அவற்றை அதே ஒழுங்கில் சொல்கிறது. ஒழுகும் குழாயை மூடாமல் வாளியை நிரப்ப முயல்வதில் பயனில்லை.

முதலில் தெரிந்திருக்கவேண்டிய எண்கள்

வட்டிமீதான வரிப்பிடிப்பு 2023 ஜனவரி 1 முதல் 5 வீதமாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதம் ஆயிற்று. அதே நாளில் தனிநபருக்கான வருடாந்த வரி நிவாரணம் 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. மாதக் கணக்கில் சொன்னால் ஒரு இலட்சத்து 50 ஆயிரம். வருட வருமானம் இந்த எல்லைக்குள் இருப்பவர் வருமான வரி கட்டவேண்டியதில்லை.

வரி ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி அடுத்த வருடம் மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டிக் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கேதான் முதலில் வழுக்குகிறார்கள்.

18 இலட்சம் என்பது எவ்வளவு பெரிய வட்டி என்று போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். வருடத்துக்கு 8 வீத வட்டி என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் 18 இலட்சம் வருவதற்கு வங்கியில் இரண்டேகால் கோடி ரூபா கிடக்கவேண்டும். ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் நெல் விற்ற காசு, சேவைக்கால முடிவில் கிடைத்த பணிக்கொடை, பிள்ளைகள் அனுப்பிச் சேர்த்த தொகை என்று பத்து இலட்சமோ இருபது இலட்சமோ போட்டு வைத்திருப்பவருக்கும் அந்த எல்லைக்கும் வெகுதூரம். அப்படியிருந்தும் வெட்டு விழுகிறது. பத்து இலட்சத்துக்கு 8 வீதத்தில் வருட வட்டி 80 ஆயிரம். அதில் 10 வீதம் 8 ஆயிரம் ரூபா. ஒரு முதியவருக்கு அது பல மாத மருந்துச் செலவு.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். கிளிநொச்சிக்கு ஒரு நாள் போய்வருவது முதியவருக்கு இலேசான காரியமல்ல. ஒரு கடதாசி குறைந்ததற்காக இரண்டாம் முறை பஸ் ஏறவேண்டி வரக்கூடாது. கோப்பில் இவை இருக்கட்டும்:

1. தேசிய அடையாள அட்டையும் அதன் இரண்டு பக்கப் போட்டோப் பிரதியும்.

2. ரின் இலக்கம், அதாவது வரி செலுத்துனர் அடையாள இலக்கம்.

3. வைப்புச் சான்றிதழ்கள். ஒவ்வொரு வங்கியினதும் தேவை.

4. பணம் வந்து சேரவேண்டிய சேமிப்புக் கணக்கின் வங்கிப் புத்தகம். முதற் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

5. எப்போதும் கையிலிருக்கும் ஒரு தொலைபேசி இலக்கம். ஊரில் பலர் மகனின் அல்லது பேரனின் இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பேரன் கட்டாருக்குப் போனதும் குறுஞ்செய்தியும் அங்கேயே போய்விடும்.

ரின் இலக்கம் எடுப்பது

இது இல்லாமல் எதுவும் நகராது. 18 வயது நிறைந்தவர்கள் வரிக்குப் பதிவு செய்யவேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இலக்கம் எடுத்தால் வரி கட்டவேண்டி வரும் என்ற பயம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. அது பிழையான பயம். பதிவு வேறு, வரிப்பொறுப்பு வேறு. வருமானம் எல்லைக்குள் இருந்தால் இலக்கம் இருப்பதால் மட்டும் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. மறுபக்கம், இலக்கம் இல்லாதவரால் வெட்டை நிறுத்தவும் முடியாது, வெட்டியதைக் கேட்கவும் முடியாது.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் செய்யலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் கொமினிகேஷன் கடையில் செய்விப்பது வழக்கம். அப்போது கடைக்காரருக்குக் கொடுப்பது அவருடைய வேலைக்கான கூலி மாத்திரமே. “ரின் நம்பருக்குத் திணைக்களத்துக்குக் கட்டவேணும்” என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கவனிக்க: கடையில் பதிவு செய்யும்போது கடைக்காரரின் மின்னஞ்சல் முகவரியைப் போட விடாதீர்கள். இலக்கமும் கடிதங்களும் அந்த முகவரிக்கே வரும். ஆறு மாதம் கழித்துக் கடை மூடியிருந்தால் கதவைத் தட்டுவதற்கும் ஆளிருக்காது. மகளின் அல்லது நம்பிக்கையான உறவினரின் முகவரியைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அடையாள அட்டையின் படத்தைக் கடைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.

பெயர் எழுத்தில் ஒரு நிமிடம் செலவிடுவது நல்லது. வன்னியில் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஆவணங்கள் தொலைந்து, மீண்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். அடையாள அட்டையில் முழுப்பெயர் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். ‘ஸ்ரீ’யில் தொடங்கும் ஒரே பெயர் ஓரிடத்தில் ஓர் எழுத்துக்கூட்டலிலும் இன்னோரிடத்தில் வேறொன்றிலும் கிடக்கும். ரின் பதிவை அடையாள அட்டையில் உள்ளபடியே செய்யுங்கள். வங்கிப் பெயர் அதிலிருந்து விலகியிருந்தால் முதலில் வங்கியில் திருத்துங்கள். கணக்கு பழைய அடையாள அட்டையின் 9 இலக்கத்தோடு திறக்கப்பட்டு, இப்போது கையில் 12 இலக்க அட்டை இருந்தால் அதையும் வங்கிக்குச் சொல்லிப் பதிவை மாற்றுவியுங்கள்.

முதல் வேலை: இனி வெட்டாமல் நிறுத்துவது

வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், அதை உறுதிப்படுத்தும் சுயபிரகடனப் படிவத்தை வங்கிக்குக் கொடுத்தால் வங்கி வட்டியில் வரி பிடிக்காது. இந்த ஏற்பாடும் 2025 ஏப்ரலில் வந்ததுதான். செய்யும் ஒழுங்கு இது:

1. ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஒரு வருடத்தில் எல்லா வழியாலும் வரக்கூடிய வருமானத்தைத் தாளில் எழுதிக் கூட்டுங்கள். எல்லா வங்கி வட்டியும், சம்பளமும், கடை வாடகையும், வியாபாரமும் சேரவேண்டும். ஒரு வங்கியின் வட்டியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பெரிய பிழை. எது கணக்கில் சேரும், எது விலக்கு என்ற சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

2. கூட்டுத்தொகை எல்லைக்குள் இருந்தால் வங்கிக் கிளையில் சுயபிரகடனப் படிவத்தைக் கேளுங்கள்.

3. ரின் இலக்கத்தை அடையாள அட்டை இலக்கத்தோடு குழப்பாமல் எழுதுங்கள். முதியவர்கள் செய்யும் பிழைகளில் இது அடிக்கடி நடப்பது.

4. எத்தனை வங்கியில் வைப்பு இருக்கிறதோ அத்தனை வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரு வங்கியில் கொடுத்த கடதாசி மற்றைய வங்கிக்குப் போகாது.

5. கூட்டுக் கணக்கானால் மற்றவரையும் அவருடைய ரின் இலக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒருவர் கையெழுத்தோடு காரியம் முடிந்துவிட்டதாக எண்ணவேண்டாம்.

6. கொடுத்ததன் பிரதியில் திகதியும் வங்கி முத்திரையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பிரகடனம் ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்கவேண்டியது. போன வருடம் கொடுத்தேனே என்று இருந்துவிடுபவருக்கு அடுத்த வட்டியிலிருந்து வெட்டு மறுபடி தொடங்கிவிடும்.

கையெழுத்து வைக்குமுன் இன்னொன்று. இது சட்டப்படியான பிரகடனம். வருமானம் எல்லையைத் தாண்டும் என்று தெரிந்துகொண்டே எல்லைக்குள் என்று எழுதுவது குற்றம். வரி மிச்சப்படும் என்று பக்கத்துவீட்டார் சொன்னதற்காகக் கையெழுத்து வைக்கவேண்டாம். படிவம் விளங்காவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். வடக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ். விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போடும்படி எவரும் அவசரப்படுத்த இடங்கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் வேலை: வெட்டியதைத் திரும்பப் பெறுவது

பிரகடனம் கொடுத்த நாளுக்கு முன் பிடித்த வரி வங்கியில் இல்லை. மாதம் முடிந்து 15 நாட்களுக்குள் அதைத் திணைக்களத்துக்குக் கட்டிவிடவேண்டிய கடமை வங்கிக்கு உண்டு. ஆகவே வங்கி முகாமையாளரோடு வாக்குவாதப்பட்டுப் பயனில்லை. அவரிடம் கேட்கவேண்டியது சான்றிதழை மட்டும். பணத்தைக் கேட்கவேண்டிய இடம் உள்நாட்டு இறைவரித் திணைக்களம்.

1. வங்கியில் வரிப்பிடிப்புச் சான்றிதழ் வாங்குங்கள். எந்தக் காலப்பகுதி, எவ்வளவு வட்டி, எவ்வளவு வரி என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். உங்கள் ரின் இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று வாசியுங்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடிக்கும் பிழைக்கு மறுபடி ஒரு பஸ் பயணம்.

2. வைப்பு இரண்டு மூன்று வங்கிகளில் இருந்தால் எல்லாவற்றிலும் வாங்குங்கள். ஒரு சான்றிதழ் விடுபட்டால் அந்த வரி கோரிக்கையில் சேராது.

3. வரி ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்குங்கள். 2025 மார்ச் வட்டியும் ஏப்ரல் வட்டியும் பக்கத்துப் பக்கத்து மாதங்கள்தான். ஆனால் வரி ஆண்டு வேறு, பிடித்த வீதம் வேறு, வருமான எல்லையும் வேறு. 2023/24, 2024/25 ஆகிய ஆண்டுகளுக்கு எல்லை 12 இலட்சம்.

4. அந்த ஆண்டுக்கான வருமான விவரத் திரட்டையும் மீளளிப்புக் கோரிக்கையையும் திணைக்களத்துக்குச் சமர்ப்பியுங்கள். இணையவழியில் செய்யலாம். நேரில் போவதென்றால் வடக்கில் யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. புறப்படுமுன் 1944க்கு எடுத்து, எந்தப் படிவம், என்ன இணைப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருமான விவரத் திரட்டைச் சமர்ப்பிக்கும் இறுதி நாள் நவம்பர் 30.

5. பணம் வரவேண்டிய கணக்கின் விவரத்தை எழுதுங்கள். அடுத்த பகுதியை வாசித்துவிட்டு எழுதுவது நல்லது.

6. கொடுத்த ஒவ்வொரு தாளையும் பிரதி எடுத்து வையுங்கள். கோரிக்கைக்கு ஓர் இலக்கம் கிடைத்தால் அதைக் கோப்பின் முகப்பிலேயே பெரிதாக எழுதுங்கள்.

பழைய ஆண்டுகளின் வரியைத் தேடுபவர்கள் தாமதிக்கவேண்டாம். மீளளிப்புக் கோருவதற்குச் சட்டம் கால எல்லை வைத்திருக்கிறது.

எல்லையைத் தாண்டியவருக்கும் காசு வரலாம்

இதைப் பலர் அறிவதில்லை. ஓர் உதாரணக் கணக்கு: ஒருவரின் 2025/26 வருமானம் மொத்தமாக 20 இலட்சம். அதில் 6 இலட்சம் வங்கி வட்டி. எல்லையைத் தாண்டியதால் அவர் சுயபிரகடனம் கொடுக்கமுடியாது. வங்கி 10 வீதப்படி 60 ஆயிரம் ரூபாவைப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் உண்மையில் கட்டவேண்டியது எவ்வளவு? 20 இலட்சத்தில் 18 இலட்சம் நிவாரணம் போக மிஞ்சுவது 2 இலட்சம். முதல் பத்து இலட்சத்துக்கான வரி வீதம் 6. ஆக வரி 12 ஆயிரம் மட்டும். வேறு வரி எதுவும் கட்டியிராவிட்டால் மீதி 48 ஆயிரம் அவருக்குத் திரும்பவேண்டிய காசு. விவரத் திரட்டுக் கொடுக்காவிட்டால் அது திணைக்களத்திலேயே கிடக்கும்.

எந்த இலக்கத்தை எழுதுவது

பெரும்பாலான தாமதங்கள் இங்கேதான் பிறக்கின்றன. திணைக்களம் கேட்பது வங்கிக் கணக்கு இலக்கம். பலர் சட்டைப் பையிலிருந்து ஏ.ரி.எம். காட்டை எடுத்து, முகப்பில் அச்சிட்டிருக்கும் 16 இலக்கத்தையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அது காட்டின் இலக்கம். காட் தொலைந்து புதிது எடுத்தால் அந்த எண் மாறிவிடும். கணக்கு இலக்கம் மாறாது. வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் இருப்பதுதான் எழுதவேண்டிய இலக்கம்.

அடுத்த பிழை, நிலையான வைப்பின் இலக்கத்தை எழுதுவது. வைப்புச் சான்றிதழிலும் ஓர் இலக்கம் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. மீளளிப்புப் பணம் போய்ச் சேரவேண்டியது சேமிப்புக் கணக்குக்கோ நடைமுறைக் கணக்குக்கோதான்.

மூன்றாவது, மகனின் கணக்கைக் கொடுப்பது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் கோருபவரின் பெயரும் கணக்குப் பெயரும் ஒத்துப்போகாதபோது கேள்வி எழும், கோப்பு நிற்கும். தன் பெயரில் உள்ள ரூபாக் கணக்கையே கொடுங்கள். பல வருடமாகப் போடவும் எடுக்கவும் இல்லாத கணக்கானால் அது செயலற்றதாகியிருக்கலாம். ஒரு சிறு தொகையை வைப்பிலிட்டு, கணக்கு இயங்குகிறதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்தபின் எழுதுங்கள்.

இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குக் காசு அனுப்பும்போது ஒவ்வொரு வங்கிக்கும் நான்கு இலக்கக் குறியீடும், கிளைக்கு மூன்று இலக்கக் குறியீடும் உண்டு. இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135, தேசிய சேமிப்பு வங்கிக்கு 7719, ஹட்டன் நஷனல் வங்கிக்கு 7083, கொமர்ஷல் வங்கிக்கு 7056. படிவத்தில் கிளை கேட்கப்பட்டால் கணக்குத் திறந்த கிளையின் பெயரை எழுதுங்கள். வழக்கமாகக் காசு எடுக்கும் கிளை வேறாக இருக்கலாம். வவுனியாவில் முகாமிலிருந்த காலத்தில் அங்கே கணக்குத் திறந்து, மீள்குடியேறியபின் கிளிநொச்சியில் காசு எடுப்பவர்களுக்கு இது முக்கியம்.

காசை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் காட்டில் மீளளிப்பை வாங்கலாமா?

வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். ஏனெனில் அமெரிக்காவில் அப்படி வாங்க முடியும். கணக்கு இலக்கமும் வங்கிக் குறியீட்டு இலக்கமும் உள்ள ‘பிரீபெய்ட்’ காட்டுக்கு அந்நாட்டு வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ். மீளளிப்பை நேரடியாக அனுப்பும். வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்கு அது பெரிய வசதி. அங்கும் இதே பிழைதான் மலிந்திருக்கிறது: காட்டின் முகப்பில் உள்ள நீண்ட எண்ணை எழுதிப் பணத்தை அலையவிடுவது. காட் வழங்கிய நிறுவனத்திடம் நேரடி வைப்புக்கான இலக்கங்களைத் தனியாகக் கேட்டு எழுதவேண்டும். ஒரே கணக்குக்கு அல்லது காட்டுக்கு ஒரு வருடத்தில் மூன்று மீளளிப்புகளுக்கு மேல் நேரடியாக வரமாட்டா. ஒரு வீட்டில் நான்கு பேர் ஒரே காட்டைக் கொடுத்தால் நான்காமவரின் பணம் அந்த வழியில் வராது. காட்டுக்கு மாதக் கட்டணம், காசெடுக்கும் கட்டணம் உண்டா என்றும் பார்க்கவேண்டும்.

கனடாவில் இருப்பவர் நேரடி வைப்புக்கு மூன்று இலக்க நிறுவன எண், ஐந்து இலக்கக் கிளை எண், கணக்கு இலக்கம் ஆகியவற்றைக் கொடுப்பார். கனடிய வருமான முகவரகம் மின்பணமாற்று வழியாக மீளளிப்பு அனுப்புவதில்லை. “உங்கள் வரிப்பணம் காத்திருக்கிறது, இதை அழுத்துங்கள்” என்று ரொறன்ரோவில் வரும் குறுஞ்செய்தி மோசடி.

இலங்கையில் இருப்பவருக்குப் பாதுகாப்பான வழி, சொந்தப் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கு. அந்தக் கணக்கோடு வரும் ஏ.ரி.எம். காட்டால் காசை எடுத்துக்கொள்ளலாம். மீளளிப்புக்கென்று புதிதாக ஒரு காட் எடுக்கும்படி யாராவது சொன்னால் அதற்குத் தேவையே இல்லை.

கணவர் பெயரில் உள்ள வைப்பு

இந்தப் பகுதியை வன்னியில் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. வைப்பு இறந்த கணவரின் பெயரில் இருந்தால் மனைவி தன் ரின் இலக்கத்தைப் போட்டுக் கோரமுடியாது. முதலில் மரணச் சான்றிதழோடு வங்கிக்குப் போய், பின்னுரித்து நியமனம் இருக்கிறதா என்று கேட்டு, வைப்பைச் சட்டப்படி மாற்றவேண்டும்.

கணவரோ மகனோ காணாமற்போனவராயின் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் பல. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்குக் காணப்படாமைச் சான்றிதழ் என்ற வேறு ஒரு வழியைத் தந்திருக்கிறது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே அவருடைய சொத்து, வங்கி அலுவல்களைக் கவனிக்க அது உதவும். கிராம அலுவலரிடமும் கரைச்சி பிரதேச செயலகத்திலும் அதுபற்றி முதலில் கேளுங்கள். வரிக் கோரிக்கை அதன் பிறகு வரட்டும்.

பாதுகாப்பு

காசு வரப்போகிறது என்று தெரிந்தவுடன் ஏமாற்றுபவர்களும் வருவார்கள். தொலைபேசியில் ஒருவர் மரியாதையாகப் பேசுவார். “அம்மா, உங்கட வரிக்காசு வந்திருக்கு. ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்கோ.” அந்த ஆறு இலக்கத்தைச் சொன்ன சில நிமிடங்களில் கணக்குத் துடைத்துப்போகும். ஒரு கணக்கில் காசு போடுவதற்கு எவருக்கும் தேவைப்படுவது கணக்கு இலக்கமும் பெயரும் வங்கி, கிளை விவரமும் மட்டுமே. ஓ.டி.பி., இரகசிய எண், காட்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவை காசை எடுப்பதற்கானவை. இதை வீட்டிலுள்ள முதியவருக்கு ஒருமுறை சொல்லிவிட்டு விடாமல், கேட்டுத் திருப்பிச் சொல்லவையுங்கள்.

இன்னும் சில:

- காட்டையும் இரகசிய எண்ணையும் ஒரே உறையில் வைக்கவேண்டாம். காட்டின் பின்புறத்தில் எண்ணைப் பேனாவால் எழுதி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

- ஏ.ரி.எம். இயந்திரத்தில் உதவி தேவைப்பட்டால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போய் உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். பின்னால் நிற்கும் தெரியாத தம்பியிடம் காட்டைக் கொடுக்கவேண்டாம்.

- வரும் தொகையில் பங்கு கேட்டு “நான் எடுத்துத் தாறன்” என்று சொல்லும் தரகரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டாம்.

- தவறுதலாக விவரத்தைச் சொல்லிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே வங்கிக்கு எடுத்துக் காட்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். இணைய மோசடிக்கு 101 என்ற இலக்கத்திலும், வங்கியோடு தீராத முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

காசு வரவில்லை என்றால்

முதலில் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பாருங்கள். குறுஞ்செய்தி வராததால் காசும் வரவில்லை என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. கணக்கில் இல்லையென்றால் கோரிக்கை இலக்கத்தோடு 1944க்கு எடுங்கள். கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: கோரிக்கை கிடைத்ததா, ஏதாவது ஆவணம் குறைகிறதா, பணம் அனுப்பித் திரும்பிவந்ததா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் கணக்கு இலக்கத்திலோ பெயரிலோ பிழை. வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கப் பிரதியோடு எழுத்தில் திருத்தம் கொடுங்கள். எடுத்த திகதி, பேசிய உத்தியோகத்தரின் பெயர், சொன்ன பதில் ஆகியவற்றைக் கோப்பில் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டாம் முறை பேசும்போது அந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும்.

வந்த தொகை கேட்டதைவிடக் குறைவாக இருந்தால் சான்றிதழ்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரு வங்கியின் சான்றிதழ் விடுபட்டிருக்கலாம், அல்லது ஒரு மாத வட்டி அடுத்த வரி ஆண்டில் விழுந்திருக்கலாம். காரணம் தெரியாவிட்டால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஏப்ரல் 1ஆம் திகதி புதிய வரி ஆண்டு பிறக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போகும் அன்றே, புதிய ஆண்டுக்கான சுயபிரகடனத்தையும் வங்கியில் கொடுத்து முத்திரை வாங்கி வாருங்கள். தெருவிலுள்ள முதியவர் ஒருவரின் கோப்பையும் கூடவே கொண்டுபோய், அவரையும் பஸ்ஸில் பக்கத்தில் இருத்திக் கூட்டிப்போங்கள்.